சிவந்த சீரம்

என் தம்பி குடியை விட்டு நான்கு மாதமும் ஆறு நாளும் ஆகியிருந்த சமயத்தில்தான், அவன் மறுபடி குடிக்கிறான் என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அது உண்மையில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டிய அத்தனையும் அன்றைக்கே என் கண்ணெதிரே இருந்தது.

நான் ஓர் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் லேப்பில் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடம். ரத்தம் எடுப்பது, சுழற்றுவது, எந்திரத்தில் ஏற்றுவது, வந்த எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது. தம்பியின் பிள்ளைகள் இரண்டும் என்னைக் கொசு அத்தை என்றுதான் கூப்பிடும். அந்தப் பெயரை வைத்தவன் தம்பி.

அவனுக்குப் பெரிய சலவை நிலையம் ஒன்றில் வேலை. ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் விரிப்புகளை அங்கே துவைப்பார்கள். அவன் கறைப் பிரிவில் இருந்தான். எந்தக் கறைக்கு எந்தப் பொடி, எத்தனை டிகிரித் தண்ணீர், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நாங்கள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த காலத்தில், ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான் என்று சொல்லிச் சிரிப்பான். ரத்தக் கறையைக் கரைக்கும் பொடியில் இருப்பதும் நொதி, நான் ரத்தத்தில் அளப்பதும் நொதி. வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கால் மணி நேரம் விட்டால் பொடி தானே வேலையைப் பார்த்துக்கொள்ளும், அவசரப்பட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பொடி செத்துப்போகும், கறை துணியோடு வெந்து ஒட்டிக்கொள்ளும் என்பான். நான் பாடப் புத்தகத்தில் நாலு பக்கம் உருப்போட்டதை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிடுவான்.

கெட்டிக்காரன்தான். ஆனால் குடி எல்லாவற்றையும் தின்றது. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் லேப்பின் வெள்ளி விழாவில் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். யாரும் அழைக்காமல் அவன் அங்கே வந்தான். மேடையில் ஏறி, "இவங்கதான் எங்கக்கா. ஊர் ரத்தத்தையெல்லாம் உறிஞ்சறவங்க" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னான். கூட்டம் சிரித்தது. அவன் மைக்கோடு சேர்ந்து விழுந்தான். கூட்டம் இன்னும் அதிகமாகச் சிரித்தது. அதற்குப் பிறகு அவனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் என் காதில் தங்கிவிட்டது.

போன வருடக் கடைசியில் அவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் அவன் நிறுத்தினான். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு வாரம் தவறாமல் போனான். மனைவி நம்பவில்லை. அவளைக் குற்றம் சொல்ல முடியாது; அதற்கு முன் ஐந்து தடவை நிறுத்தியவன் அவன். கடைசியில் அவனே ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றான். அவள் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தாள். என் கையால் ரத்தம் எடுக்க வேண்டும், என் வாயால் முடிவைச் சொல்ல வேண்டும். அண்ணி உங்களுக்காகப் பொய் சொல்ல மாட்டாங்க என்று அவனிடம் சொன்னாளாம்.

சரியாகத்தான் சொன்னாள். அவனுக்கு எதிராக நான் பொய் சொல்லக்கூடும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஒரு திங்கட்கிழமைக் காலையில், வேலைக்குப் போகும் வழியில் அவன் என் வீட்டுக்கு வந்தான். வெறும் வயிற்றோடு வந்திருந்தான். நான் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். பையில் குழந்தைகளுக்குப் போடும் மெல்லிய ஊசி மட்டும்தான் இருந்தது. அதிலேயே குத்தினேன். நரம்பு நழுவியது. மறுபடி குத்தினேன். அவன், "மெதுவா குத்துக்கா, கொசுவே இதைவிட நல்லா குத்தும்" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. மூன்றாவது குத்தில் ரத்தம் வந்தது. சிரிஞ்சின் பிஸ்டனைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். ஊசியைக் கழற்றாமலேயே கட்டை விரலால் அழுத்திக் குழாய்க்குள் பீய்ச்சினேன். மூடியை மாட்டி, மருந்து பாட்டிலைக் குலுக்குவது போலக் குலுக்கினேன். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம், உயிரே போனாலும் செய்யக்கூடாது என்று நான் சொல்லிக்கொடுப்பது எதுவோ அதையெல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் செய்து முடித்தேன்.

லேப்பில் சுழற்றி எடுத்தபோது, அடியில் ரத்த அணுக்களும் மேலே சீரம் என்கிற தெளிநீரும் பிரிந்து நின்றன. சீரம் இளமஞ்சளாக, வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். அது சிவந்திருந்தது. இலேசாக அல்ல, சிவப்பு மையைத் தண்ணீரில் கலந்த மாதிரி. முரட்டுத்தனமாக இழுத்ததில் சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன என்று அர்த்தம்.

அதனால் என்ன ஆகும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எஸ்.ஜி.ஓ.டி. என்று நாங்கள் அளக்கும் நொதி ஈரலில் மட்டும் இருப்பதில்லை. சிவப்பணுவுக்குள்ளும் ஏராளமாக இருக்கிறது. ஒரு மூலக்கூறிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அதன் வேலை. செல்லுக்குள் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டு அது பாட்டுக்கு இருக்கும். செல் உடைந்தால் வெளியே கொட்டிவிடும். வெளியே வந்ததும் செத்துவிடாது. சரியான சூடும் சரியான பொருளும் கிடைத்தால் கண்ணாடிக் குழாயிலும் அதே வேலையை அதே சுறுசுறுப்போடு செய்யும். எங்கள் எந்திரம் நொதியைக் கண்ணால் பார்ப்பதில்லை. அது வேலை செய்யும் வேகத்தைத்தான் ஒளியை வைத்து அளக்கிறது. அந்த நொதி குடியால் கெட்ட ஈரலிலிருந்து வந்ததா, அவசரக்காரி ஒருத்தி உடைத்த சிவப்பணுவிலிருந்து வந்ததா என்பது எந்திரத்துக்குத் தெரியாது. அதைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.

சிவந்த சீரத்தைக் கீழே கொட்டிவிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். விதி அதுதான். நான் அதை எந்திரத்தில் ஏற்றினேன்.

எஸ்.ஜி.ஓ.டி. நூற்று நான்கு. இன்னொரு ஈரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. முப்பத்து மூன்று. முதலாவது எகிறியிருக்க, இரண்டாவது சாதாரணமாக இருப்பது குடிகாரர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்க்கும் கணக்கு. செல் உடைந்த ரத்தமும் இதே கணக்கைத்தான் காட்டும். குடியை இன்னும் தெளிவாகக் காட்டக்கூடிய வேறொரு பரிசோதனையும் உண்டு. அதை நான் போட்டுப் பார்க்கவில்லை. பதில் கையில் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறவளுக்கு இன்னொரு கேள்வி எதற்கு?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று ஒரு நிறைவு வந்தது. நல்ல வெயிலில் நடந்து வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாம்பிளின் தன்மை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

தம்பி மனைவிக்குப் போன் செய்து எண்களைச் சொன்னேன். அதிகமாக இருக்கிறது, குடிக்கிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்றேன். அப்பா எப்பம்மா வருவாரு என்று பின்னால் சின்னது கேட்டது எனக்குக் கேட்டது. "சரி அண்ணி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். மதிய இடைவேளையில் நேராகச் சலவை நிலையத்துக்குப் போனேன். உள்ளே இரைச்சல் காதைப் பிளந்தது. ஆள் உயரத்துக்கு வரிசையாகச் சலவை எந்திரங்கள், ஈர விரிப்புகளை மலைபோல ஏற்றிய வண்டிகள், எங்கும் நீராவி. தம்பி ஒரு தொட்டியின் பக்கத்தில் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றான். என் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. நான் சொன்னது அவனுக்குக் கேட்கவில்லை. காதருகே கையை வைத்துக் காட்டினான். நான் கத்தினேன். அந்த நேரம் பார்த்து, பக்கத்திலிருந்த பெரிய எந்திரம் சுற்றி முடித்து நின்றது.

"நீ குடிச்சிருக்க. ரத்தம் பொய் சொல்லாது."

அந்த அமைதியில் இது கூடம் முழுக்கக் கேட்டது. இஸ்திரி எந்திரத்தில் நின்ற பெண்கள் திரும்பினார்கள். கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். தம்பி, "இல்லக்கா" என்றான். அவ்வளவுதான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கமாக வாய் ஓயாதவன் அவன். அந்த மௌனத்தைக்கூட நான் ஒப்புதலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு விதி உண்டு. குடிப்பவர் என்று சந்தேகம் வந்தால் சூடான எந்திரத்தின் பக்கத்திலும் ரசாயனத்தின் பக்கத்திலும் விடமாட்டார்கள். மறுநாளே அவனைக் கறைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். பட்டால்தான் புத்தி வரும் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

ஆறாவது நாள், லேப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஒரு குழாயைத் தூக்கிக் காட்டி, இதை ஏற்றலாமா என்று கேட்டாள். இன்னொரு ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் வேலை பார்த்தவள். எதையும் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டுத்தான் செய்வாள். குழாயில் சீரம் இலேசான ரோஜா நிறத்தில் இருந்தது. நான் எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னேன்.

"வேணாம், தூக்கிப் போடு. எஸ்.ஜி.ஓ.டி. ஏறிக் காட்டும். பாவம், குடிக்காத மனுஷனைக் குடிகாரன்னு சொல்லிடும்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. பேனா நின்றது. அவள் சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பழைய சாம்பிள்களை ஏழு நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்போம். போய்த் தேடி எடுத்தேன். தம்பியின் பெயரை நானே எழுதி ஒட்டிய குழாய். புதியவள் காட்டியது ரோஜா நிறம்தான். இது அதைவிட எவ்வளவோ சிவப்பு. அதைத் தூக்கிப் போடச் சொன்ன வாய்தான் இதை ஏற்றியது. யாருடையது அக்கா என்று அவள் பின்னாலிருந்து கேட்டாள். தெரிந்தவர்களுடையது என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு நெஞ்சு மட்டுமல்ல, காது மடல்கூடச் சுட்டது.

அன்றைக்கே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. அவன் உண்மையிலேயே குடித்தும் இருக்கலாமே என்று எனக்கு நானே வாதாடினேன். ஏழாம் நாள் பழைய சாம்பிள்களைக் கழிவுப் பையில் போடும் முறை என்னுடையது. அவன் குழாயையும் சேர்த்துப் போட்டேன், என் கையாலேயே. பையைக் கட்டி வெளியே வைத்துவிட்டுக் கை கழுவினேன். அதன் பிறகு இரண்டு நாள் ஒன்றுமே நடக்காதது போல வேலை பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அடித்தள நடைவழியில் எதிரே ஒரு தள்ளுவண்டி வந்தது. அறுவைசிகிச்சைக் கூடத்தின் அழுக்கு விரிப்புகளைச் சிவப்புப் பைகளில் கட்டி ஏற்றியிருந்தார்கள். முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அதைத் தள்ளி வந்தவன் என் தம்பி. கறைப் பிரிவிலிருந்து எடுத்து எங்கே போட்டார்கள் என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. ஆஸ்பத்திரிகளில் அழுக்கு மூட்டை அள்ளும் வேலைக்குப் போட்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வண்டியைச் சுவரோரமாக ஒதுக்கி எனக்கு வழிவிட்டான்.

"போங்க" என்றான்.

பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்று கூப்பிட்டவன். சண்டை போட்டாலும் நீதான், கெஞ்சினாலும் நீதான். அந்த ஒரு மரியாதை என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. நான் போகவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, அன்றைக்கு ரத்தம் எடுத்த விதத்தையும், சீரம் சிவந்திருந்ததையும், அதை ஏன் ஏற்றியிருக்கக் கூடாது என்பதையும் சொன்னேன். குழாயைத் தூக்கிப் போட்டதையும் சொன்னேன்.

"எப்ப தெரியும்?" என்றான் கடைசியில்.

"அன்னைக்கே தெரியும். செவப்பா இருந்ததைப் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஏத்தினேன்."

அவன் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "எனக்கே சந்தேகம் வந்துடுச்சுக்கா. இருமல் மருந்துல ஏதாவது இருந்திருக்குமா, தூக்கத்துல எந்திரிச்சுப் போய்க் குடிச்சிருப்பனான்னு. நீ சொன்னா அது தப்பா இருக்காதே."

அவன் தொடர்ந்தான். "நாலு நாள் கழிச்சு ஒரு நாள் குடிச்சேன். குடிக்காமலே பேர் வாங்கியாச்சு, அப்புறம் என்னன்னு தோணுச்சு. ஒரு நாள்தான். மறுநாள் கூட்டத்துல போய்ச் சொல்லிட்டேன்."

அதை உன் மனைவியிடம் சொல்ல வேண்டாம், என் தப்பை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவனைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னேன். அவன் மறுத்துத் தலையை ஆட்டினான்.

"ரெண்டையும் சொல்லு. ஒண்ணை விட்டுட்டு இன்னொண்ணை மட்டும் சொன்னா, அதுவும் உன் ரிப்போர்ட் மாதிரிதான் ஆகும்."

புதியவளைக் கூப்பிட்டு, அவனுக்கு மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னேன். நான் அறைக்கு வெளியே நின்றேன். ஒரே குத்து, இரண்டே நிமிடம். சீரம் வைக்கோல் நிறத்தில் தெளிந்து நின்றது. எஸ்.ஜி.ஓ.டி. இருபத்தொன்பது, மற்றது இருபத்தாறு. இந்தத் தடவை, நான் விட்டிருந்த அந்த இன்னொரு பரிசோதனையையும் போட்டோம். அதுவும் அளவுக்குள்தான் இருந்தது. ஒரு நாள் குடி ஈரலில் பெரிதாக எதையும் காட்டாது. நான்கு மாதம் விட்டிருந்தது காட்டியது.

எங்கள் லேப்புக்குப் பொறுப்பான பெரிய டாக்டரம்மாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளி விழாவில் எனக்குக் கேடயம் கொடுத்ததும் அவர்தான். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "தெரியாம விட்டிருந்தா பயிற்சி கொடுப்பேன். தெரிஞ்சே விட்டதுக்கு என்ன பயிற்சி இருக்கு, சொல்லுங்க" என்றார். ஆறு மாதத்துக்கு என் கையெழுத்து மட்டும் போட்டு எந்த அறிக்கையும் வெளியே போகக் கூடாது என்று எழுதினார். என்னிடம் எதையும் கேட்டுக் கேட்டுச் செய்தவள் இப்போது என் அறிக்கைகளைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள். ஒவ்வொன்றையும் வரி வரியாகப் படிக்கிறாள். நான் நின்றுகொண்டிருப்பேன்.

அடுத்தது சலவை நிலையம். கண்ணாடி அறைக்குள் வந்து பேசுங்கள் என்றார் சூப்பர்வைசர். அன்றைக்கு அறைக்குள் பேசவில்லையே என்று சொல்லிவிட்டுக் கூடத்தின் நடுவிலேயே நின்றேன். இந்த முறை எந்திரம் எதுவும் எனக்காக நிற்கவில்லை. இஸ்திரிப் பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய், காதருகே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. என் தம்பி குடிக்கவில்லை, நான்தான் ரத்தத்தைக் கெடுத்தேன். ஒருத்தி கேட்டுவிட்டுச் சிரித்தாள். இன்னொருத்தி, கூடப் பிறந்தவளா நீ என்று கேட்டாள். பிறகு அறைக்குள் போய், அவன் இடையில் ஒரு நாள் குடித்ததையும் ஏன் குடித்தான் என்பதையும் அவன் சொல்லச் சொன்னபடியே சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் இரண்டு வாரம் பார்த்துவிட்டு அவனைக் கறைப் பிரிவில் திரும்பப் போட்டார்.

தம்பி மனைவியைப் பார்க்கப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போனேன். சமையலறை மேஜையில் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், அவன் குடித்த அந்த ஒரு நாளையும் சேர்த்து. பெரியவள், பதினோரு வயதுக்காரி, கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளை உள்ளே போகச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"மெஷின் தப்பாச் சொல்லலையா அண்ணி?" என்றாள் தம்பி மனைவி.

"இல்ல. ட்யூப்ல இருந்ததைத்தான் சொல்லுச்சு."

"அப்ப நீங்கதான்."

"நான்தான்."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. அறிக்கைகளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். இனிமேல் யாருடைய காகிதமும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வாசல் வரைகூட வரவில்லை.

அவள் உடனே கிளம்பி வந்துவிடவில்லை. முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டினாள். பிறகு வாரா வாரம் வந்தாள். கூட்டத்துக்கு ஒரு முறை அவனோடு போய் உட்கார்ந்தாளாம். இரண்டரை மாதம் கழித்துப் பெட்டிகளோடு வந்தாள். எந்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லவில்லை.

போன வாரம் மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். போகாமல் இருக்க ஏழெட்டுக் காரணம் யோசித்துவிட்டுப் போனேன். சின்னது பள்ளிக்கூடத்தில் பல் விழுந்த கதையைச் சொன்னது. பெரியவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், என் முகத்தைப் பார்க்காமல். தம்பி மனைவி பரிமாறினாள். உங்க எல்லார்கிட்டயும் நான் இன்னொரு தடவை என்று ஆரம்பித்தேன்.

"சாப்பிடுக்கா" என்றான் தம்பி. "நீ ஒவ்வொரு தடவை மன்னிப்புக் கேக்கும்போதும் நாங்க அதை மறுபடி நெனைக்க வேண்டியிருக்கு."

தம்பி மனைவி என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்தாள். பெரியவள் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நானும் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.